வெள்ளைச் சீலையும் சிவப்புப் பொட்டும்

உம்முடைய பெறாமகன், தங்கச்சியின் மகன், நேற்றுப் பின்னேரம் ஒரு படத்தைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தான். உம்முடைய முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அடிக்கப்போகும் நினைவு மலருக்கு அட்டைப் படம் தேடியிருக்கிறான். அல்பங்களைப் புரட்டி, ஊதா, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துப் பச்சை என்று நீர் உடுத்த அத்தனை சீலைகளையும் தள்ளிவிட்டு இந்த ஒன்றைப் பிடித்திருக்கிறான். பின்னால் செங்கல் சுவர், பக்கத்தில் அள்ளிக் குவித்த பனி, குளிர் கோட்டைக் கையில் போட்டபடி வெள்ளைச் சீலையில் நீர். நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு.

"இதுதான் பெர்ஃபெக்ற் அன்ரி," என்றான். "பெரியம்மா எவ்வளவு அமைதியா நிக்கிறா, பாருங்கோ. இந்தப் பொட்டு மட்டும்தான் ஒரு மாதிரிக் கிடக்கு. பெரியப்பா இல்லாத ஆள், வெள்ளைச் சீலையும் உடுத்திருக்கிறா, பிறகேன் பொட்டு எண்டு சனம் கேக்கும் எண்டு அம்மா சொல்லுறா. கம்பியூட்டரிலை ஒரு நிமிசத்திலை அழிச்சிடலாம்."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. "தம்பி, அந்தப் பொட்டிலை கை வைச்சியெண்டால் உன்ரை கையை முறிப்பன்," என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

அவனில் பிழை இல்லை. இங்கே கனடாவில் பிறந்து, ரூஜ் பக்கம் வீடு வாங்கி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்டவன். அந்தப் படம் எங்கே, எதற்காக எடுத்தது என்று அவனுக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். மலருக்கு இரண்டு பக்கத்தில் நினைவு மடல் ஒன்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டான். "அன்பு, பண்பு, பக்தி எண்டு எழுதினால் காணுமாம் அன்ரி. பழைய பிரச்சினை ஒண்டும் வேண்டாமாம்," என்று தாய் சொல்லிவிட்டதையும் சொன்னான். ஓம் என்று தலையாட்டி அனுப்பினேன். எழுதவும் தொடங்கிவிட்டேன். பழைய பிரச்சினையைத்தான் எழுதுகிறேன்.

உம்மை நான் சந்தித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரெக்ஸ்டேலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற தொழிற்சாலையில். ஸ்காபரோவில் இருந்து இரண்டு பஸ், ஒரு சப்வே. தலைக்கு வலைத் தொப்பி, கைக்கு உறை. பெல்ற்றில் தட்டுகள் ஓடி வரும். நான் பாண் ரொட்டி வைப்பேன், நீர் சலாட் வைப்பீர், உமக்கு அடுத்து நிற்கிற சுமனா கரண்டியும் முள்ளும் வைப்பாள். சுமனா சிங்களத்தி என்று தெரிந்த அன்று நான் இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போனேன். நீர் என் ஏப்ரனைப் பிடித்து இழுத்து, "நில்லும், பாண் பிந்துது," என்றீர்.

இதைச் சொன்னது யார் என்பதுதான் விஷயம். தமிழரைத் தேடித் தேடிக் கொன்ற எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் உம்முடைய மனிசன் காலையில் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அகதிக் கப்பலில் ஊருக்கு வந்திறங்கிய உமக்குச் சொந்தக்காரர் வெள்ளைச் சீலை கொண்டுவந்தார்கள். நீர் அதை மடிப்புக் குலையாமல் திருப்பிக் கொடுத்தீர். பிறகேன் பொட்டு என்று ஒரு தரம் பஸ்ஸில் வைத்து நான் கேட்டதற்கு இதைச் சொன்னீர். "அவர் வரமாட்டார் எண்டு எனக்கு வடிவாத் தெரியும். ஆனால் உடம்பைக் காட்டாமல் என்ரை பொட்டை ஒருத்தரும் எடுக்கேலாது. கொன்றவங்கள் வந்து கொன்றனாங்கள் எண்டு சொல்லட்டும், பிறகு பாப்பம்." அதன் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

எங்கள் கோயில் அப்போது ஒரு பழைய கிடங்கில் இருந்தது. ஒரு பக்கம் கார் திருத்துகிற இடம், மறுபக்கம் தளபாடக் கடை, நடுவில் முருகன். வெள்ளிக்கிழமைப் பூசையில் பதிகம் பாடுகிறது நீர்தான். பொட்டு வைத்த விதவை பாடலாமா என்று பின்னால் முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் உம்முடைய குரல் எழும்பினால் கார் திருத்துகிறவர்களே சுத்தியலைக் கீழே வைப்பார்கள். அதனால் பொறுத்துக்கொண்டார்கள். உமக்குப் பிள்ளை இல்லை, வீடு இல்லை, ஒற்றை அறை அப்பார்ட்மென்ற். கிழமையில் ஆறு நாளும் அந்த ஒரு வெள்ளிக்காகத்தான் நீர் சலாட் வைத்தீர். இது எனக்குத் தெரியும், கோயிலுக்கும் தெரியும்.

தொண்ணூற்றுமூன்று ஐப்பசியில் சுமனாவின் தாய் ஊரில் இறந்துபோனா. சுமனாவுக்கு இன்னும் பேப்பர் சரிவரவில்லை, நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. செத்தவீட்டுக்குப் போகாமல் பெல்ற்றில் நின்று அழுதாள். பெல்ற் யாருக்காகவும் நிற்காது. நீர் இடது கையால் சலாட்டும் வலது கையால் அவளுடைய கரண்டியும் வைத்தீர். அரை நாள் அப்படி நின்றீர்.

மூன்றாம் மாசத்துக்குத் தாய்க்காக விகாரையில் பிக்குமாருக்குத் தானம் கொடுக்கப்போவதாகச் சொல்லி உம்மைக் கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நின்று நீர்தான் சொன்னீர். "அங்கை எல்லாரும் வெள்ளைதானாம். எனக்குக் கஷ்டமெண்டால் என்ன நிறத்திலையும் வரட்டாம்." இதைச் சொல்லும்போது உம்முடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வாறன் எண்டு சொல்லியிட்டன்," என்றீர்.

"உமக்கென்ன விசரோ?" என்று கேட்டேன். "கோயில் செயலாளர் அண்ணையின்ரை காதிலை விழுந்தால் வெள்ளிக்கிழமை உம்மைப் பாட விடமாட்டார்."

நீர் கையுறையைக் கழற்றி, விரல் விரலாக இழுத்து நேராக்கினீர். "எனக்கு இஞ்சை இருக்கிறது அது ஒண்டுதான். அதைப் பறிப்பினம் எண்டு பயந்து, தாயைப் பறிகுடுத்த ஒருத்திக்கு வரமாட்டன் எண்டு சொல்லச் சொல்லுறீரோ?"

"அவங்கள் உம்மடை மனிசனை..."

"என்ரை மனிசனைக் கொன்றது சுமனா இல்லை. அவவின்ரை தாயும் இல்லை. ஆரிலை கோவிக்கவேணும் எண்டு எனக்கு ஒருத்தரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அந்தக் கோவத்தை நான் பத்து வருசமாப் பத்திரமா வைச்சிருக்கிறன். கண்ட கண்ட ஆக்களிலை செலவழிக்கமாட்டன்."

நான் உம்மோடு வந்தது வீரத்தால் இல்லை. அவ்வளவு தூரம், அந்தச் சனத்துக்குள் உம்மைத் தனியே விட மனம் வரவில்லை. அதே நேரத்தில் ஒரு நிபந்தனையும் போட்டேன்: ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. என்னுடைய மனிசன் அப்போது கோயில் நிர்வாகத்தில் உபசெயலாளர். நீர் என்னைப் பார்த்து, "கழுவுற மீனிலை நழுவுற மீன் நீர்," என்று சிரித்தீர்.

ஜெரார்ட் வீதியில் வெள்ளைச் சீலை இரண்டு வாங்கப் போனோம். "ஆருக்குக் காரியம்?" என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒரு சிநேகிதியின்ரை தாய்க்கு," என்றீர். ஊரில் சொந்தக்காரர் கொடுத்தபோது வாங்காத சீலையை இங்கே நீரே தெரிந்து, நீரே பையில் போட்டீர். உமக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஒருத்தரும் உடுக்கச் சொல்லி நான் உடுக்கேல்லை. விருந்துக்குப் போறன். அவையின்ரை வீட்டிலை என்ன வழக்கமோ அது. ஒருநாள் உடுத்தால் தேஞ்சு போகமாட்டன்," என்றீர்.

அது தை மாதத்து ஞாயிறு. வீட்டில் ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டு உம்முடைய அப்பார்ட்மென்ற்றில் வந்து சீலை மாற்றினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கழுத்தில் தாலி, உடம்பில் வெள்ளை. என்ன அபசகுனத்துக்கு இதைச் செய்கிறேன் என்று நினைத்தேன். நீர் குங்குமச் செப்பைத் திறந்து உம்முடைய நெற்றியில் ஒன்று, என்னுடைய நெற்றியில் ஒன்று வைத்தீர். வழக்கமாக வைக்கிறதைவிட இரண்டு மடங்கு பெரிது. "வெள்ளை அவைக்கு, பொட்டு எனக்கு," என்றீர். "வாரும், கார் வந்திட்டுது."

பழைய வீடு ஒன்றை விகாரையாக்கியிருந்தார்கள். வாசலில் பனிச் சப்பாத்துகள் ஒரு குவியல். உள்ளே நாற்பது ஐம்பது பேர், எல்லாரும் வெள்ளை, எல்லாரும் தரையில். கனடாவில் அந்நியராக இருந்து எங்களுக்குப் பழகிவிட்டது. அந்த மண்டபத்தில் இன்னொரு தரம் அந்நியரானோம். அதற்கு நான் பழகியிருக்கவில்லை. முன்னால் பெரிய வெள்ளைப் புத்தர். ஊரில் அந்தச் சிலையை நான் கண்டதெல்லாம் ஆமிக்காரன் நிற்கிற சந்திகளில்தான். உண்மையைச் சொன்னால், திரும்பி ஓடலாம் என்றுதான் இருந்தது.

நீர் முந்தின கிழமையே சுமனாவிடம் எல்லாம் கேட்டு வைத்திருந்தீர். புத்தர் பக்கம் காலை நீட்டக்கூடாது. பிக்குமாரின் இருக்கைக்கு மேலாக இருக்கக்கூடாது. மத்தியானத்துக்கு முன்னம் அவர்கள் சாப்பிட்டு முடிய வேண்டும், அதனால் பிந்தக்கூடாது. பூவைத் தட்டோடு வைத்துவிட்டுப் பின்பக்கமாக நகர வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தீர். ஆனால் எல்லாரும் கைகூப்பி ஒரே குரலில் ஓதத் தொடங்கியபோது நீர் கைகூப்பிக்கொண்டு வாயை மூடியிருந்தீர். நானும் ஏதோ முணுமுணுக்கப் போனேன். முழங்கையால் இடித்தீர். "எழும்பினால் எழும்புவம், இருந்தால் இருப்பம். தெரியாததைச் சொல்லி நடிக்கப்படாது. அது அவைக்கும் மரியாதை இல்லை, எங்களுக்கும் மரியாதை இல்லை." அந்த முழங்கை என்னில் முட்டியபோது நடுங்கிக்கொண்டிருந்தது. படத்தில் நீர் அமைதியாக நிற்கிறீர் என்கிறான் உம்முடைய பெறாமகன். பக்கத்தில் இருந்தவள் நான், அமைதியும் இல்லை, ஒன்றும் இல்லை.

பிறகு புத்தருக்குப் படைக்கிற தட்டு வந்தது. சமைத்த எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிடி: சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய், வாழைப்பழம், தொதல் என்கிற இனிப்பு. வாசலில் இருந்து கைக்குக் கை மாறி அது முன்னால் போனது. எங்களைத் தாண்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். தாண்டவில்லை. உம்முடைய கையில் தந்தார்கள், நீர் எனக்குத் தந்தீர், நான் அடுத்தவளுக்குக் கொடுத்தேன்.

பிக்குமார் சாப்பிட்டு முடிந்ததும் சுமனா ஒரு செம்பில் இருந்து கிண்ணத்துக்குள் தண்ணீர் ஊற்றினாள். கிண்ணம் நிரம்பித் தட்டில் வழியும்வரை ஊற்ற வேண்டுமாம், புண்ணியம் இறந்தவருக்குப் போகுமாம். ஊற்ற முன்னம் திரும்பி உம்மைக் கூப்பிட்டாள். வீட்டுக்காரர் எல்லாரும் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் நீரும் ஒரு விரலை வைத்தீர். அவள் உம்முடைய காதில் ஏதோ சொன்னாள். காரில் திரும்பி வரும்போதுதான் அது என்ன என்று சொன்னீர். "தாயோடை சேர்த்து அவருக்கும் ஊத்துறன் எண்டவ. நான் கையை எடுக்கேல்லை."

ஆனால் காரில் ஏற முன்னம் என் திருவிளையாடல் நடந்துவிட்டது. சனம் சாப்பாட்டுக்கு எழும்பியது. பெண்கள் ஏனங்களை எடுத்து வைத்தார்கள். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. பார்த்தால், புத்தருக்கு முன்னால் அந்தத் தட்டு தன்பாட்டில் ஆறிக்கொண்டிருக்கிறது. பிரசாதத்தை ஒருத்தரும் பங்கிடவில்லையே, ஐயோ பாவம், மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கோயிலில் பூசை முடிந்ததும் நான் செய்கிற வேலைதானே. தட்டைத் தூக்கினேன், கண்ணில் ஒற்றினேன், ஒரு பிடி சோற்றை வாயில் போட்டேன். பக்கத்தில் நின்ற மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு தொதலும் கையில் வைத்தேன்.

சுமனாவின் மாமியார் கத்தின கத்தில் மண்டபம் அடங்கிப்போனது. பிள்ளைகளின் கையில் இருந்ததைத் தட்டிப் பறித்தா. எனக்கு வாய்க்குள் சோறு, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. புத்தருக்குப் படைத்ததை மனிதர் சாப்பிடுவதில்லையாம். அது பிறகு பறவைகளுக்குப் போகிறதாம். எனக்கு எப்படித் தெரியும்? அந்த மனுசி உம்முடைய பொட்டையும் என்னுடைய பொட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தமிழரா என்று கேட்டா. அந்த ஒரு சொல் எனக்கும் விளங்கியது.

நீர் எனக்கு முன்னால் வந்து நின்றீர். சிங்களத்தில் நீர் சொன்னதைப் பிறகு எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினீர். "ஓம், தமிழர். சுமனா கூப்பிட்டு வந்தனாங்கள். பிழை என்னிலை, நான்தான் அவவை எடுக்கச் சொன்னனான். எங்கடை கோயிலிலை சாமி சாப்பிட்டால் மிச்சம் எங்களுக்கு. எங்கடை சாமி தனியச் சாப்பிட்டுப் பழக்கமில்லை. உங்கடை வழக்கம் தெரியாமல் நடந்திட்டுது, மன்னியுங்கோ." மன்னிப்புக் கேட்டீர், ஆனால் தலை குனியவில்லை. நீர் என்னை எடுக்கச் சொல்லவும் இல்லை.

அப்போதுதான் சுமனா வந்தாள். என் கையில் இருந்த தட்டில் ஒரு பிடி சோறு எடுத்து, எல்லாரும் பார்க்க வாயில் போட்டு மென்றாள். மாமியாரைப் பார்த்து இரண்டே சொல் சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டேன். "நானும் சாப்பிட்டேன்," என்றாளாம். மாமியார் உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் கோப்பையில் சாப்பாடு போட்டுக்கொண்டு வந்தா. சிரிக்கவில்லை, ஆனால் கத்தரிக்காய் நிறையவே போட்டிருந்தா.

வெளியில் வந்ததும் சுமனாவின் மனிசன் படம் எடுக்கக் கூப்பிட்டார். நீர் போய் நின்றீர். என்னையும் வரச் சொன்னீர். நான் வரவில்லை. படம் யார் கையிலாவது அகப்பட்டால் என்ன செய்வது என்று கார்ப் பக்கம் ஒதுங்கினேன். அதனால்தான் அந்தப் படத்தில் நீர் தனியே நிற்கிறீர்.

உம்முடைய அப்பார்ட்மென்ற் வாசலில் நாங்கள் இறங்கியதை யாரோ ஒரு தமிழ் மனுசி தூரத்தில் இருந்து கண்டிருக்கிறா; உம்மைத்தான் தெரிந்தது, என்னை அடையாளம் தெரியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது ஸ்காபரோவுக்கும் பொருந்தும். முதல் மூன்று நாளும் கதை வேறு மாதிரி ஓடியது. "கடைசியா அவவுக்குப் புத்தி வந்திட்டுது, வெள்ளை உடுக்கத் தொடங்கியிட்டா," என்று எல்லாருக்கும் சந்தோஷம். நீர் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஒருத்தி தொலைபேசியில் உம்மைப் பாராட்டப் போய், நீர் பதில் சொல்லிவிட்டீர். "நான் வெள்ளை உடுத்தது அவர் இல்லையெண்டு இல்லை. சிங்கள விகாரையிலை ஒரு தானத்துக்குப் போனனான். சீலை பெட்டிக்குள்ளை இருக்கு, இனியும் கூப்பிட்டால் இனியும் போவன்." எனக்கு அதைக் கேட்டதும் உம்மில் கோபம் வந்தது. இவ்வளவு நேர்மை எதற்கு என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை. செயலாளர் அண்ணை மைக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு அருகில் என்னுடைய மனிசன் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உமக்கு இரண்டு முழம் பின்னால், பூத்தட்டோடு.

"தங்கச்சி, இண்டைக்கு வேறை ஆள் பாடும்," என்றார் அவர்.

"ஏன் அண்ணை?"

"உமக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். நீங்கள் உங்கடை வாயாலை சொல்லுங்கோ."

அவர் தொண்டையைச் செருமினார். "சனம் கதைக்குது. அங்கை எங்கடை பிள்ளையள் சாகுது, நீர் இஞ்சை அவங்களோடை இருந்து கும்பிடுறீர். புருசனைக் குடுத்த நீர். சரி, அதை விடுவம். உம்மோடை இன்னொராளும் வெள்ளையிலை இறங்கினதாம். ஆர் அது?"

என்னுடைய மனிசன் கதிரையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். நான் பூத்தட்டைக் குனிந்து பார்த்தேன். நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஐந்து நாளுக்கு முன்னம் ஒரு சிங்களப் பெண், தன் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பிடி சோறு எடுத்து வாயில் போட்டதை என் கண்ணால் கண்டவள் நான். நீர் திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நான் அகப்பட்டுவிடுவேன் என்று உமக்குத் தெரியும்.

"நான் தனியத்தான் போனன்," என்றீர்.

கொன்றவங்கள் வந்து சொல்லட்டும் என்று பொட்டைக் காத்த நீர், தொலைபேசியில்கூட உண்மையை விழுங்க மாட்டாத நீர், எனக்காக ஒரு பொய் சொன்னீர். அதே மூச்சில், "மைக்கைத் தராதேங்கோ அண்ணை, பரவாயில்லை. வாயை நான் வீட்டிலை வைச்சிட்டு வரேல்லை," என்றீர்.

போய் முன்வரிசையில் தரையில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தீர். மைக்கில் வேறொரு பிள்ளை பாடியது. அது முடிந்து ஐயர் தீபம் எடுத்ததும், இருந்த இடத்தில் இருந்தபடியே நீர் பாடினீர். ஒருத்தரும் நிறுத்தத் துணியவில்லை, தீபம் காட்டும்போது யார் எழும்பிச் சண்டை பிடிப்பது? அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்த வெள்ளியும். பங்குனி வரும்போது பாதிச் சனம் உமக்குக் கிட்டவாக வந்து இருக்கத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் பனிப்புயலில் அந்தப் பிள்ளை வராமல் விட, செயலாளர் அண்ணை தானே மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார். "வேண்டாம் அண்ணை, இஞ்சை இருந்தாலும் கேக்குது," என்றீர். அதற்குப் பிறகு, மார்பிள் போட்ட புதுக் கோயிலுக்கு மாறிய பிறகும், கடைசிவரை நீர் மைக்கைத் தொடவில்லை.

அந்த வெள்ளிகளில் உமக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். அதற்கு எனக்குக் கிடைத்த பேர் என்ன தெரியுமா? பெரிய மனசுக்காரி. "அவ செய்ததையும் பாராமல் பக்கத்திலை போய் இருக்கிறா, பாரன்," என்று என்னைப் புகழ்ந்தார்கள். நான் அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். உம்மிடம் ஒரு தரம் மன்னிப்புக் கேட்டேன், பல வருஷத்துக்குப் பிறகு, டொக்டரின் அறைக்கு வெளியில் வைத்து. "உந்தக் கதையை விடும்," என்று கையை ஆட்டினீர். "உமக்குப் புருசன், பிள்ளையள், குடும்பம். எனக்கு இழக்க ஒண்டுதான் இருந்தது, அதையும் அவையாலை எடுக்க முடியேல்லை." நீர் விட்டுவிட்டீர். நான் விடவில்லை, விடவும் கூடாது.

உம்முடைய செத்தவீட்டுக்குச் சுமனா விட்பி நகரில் இருந்து வந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வெள்ளைச் சீலையில் பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். இது ஆர் என்று உம்முடைய தங்கச்சி என்னைக் கேட்டா. "வேலையிலை தெரிஞ்ச ஆள்," என்றேன். அங்கேயும் நழுவினேன் பாரும். அதுதான் கடைசி நழுவல்.

இன்று காலை என்னுடைய மனிசனிடம் சொன்னேன். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப அண்டைக்கு ஓவர்டைம் எண்டது?"

"பொய்."

"அந்த மற்ற ஆள் நீரோ?"

"ஓம்."

"இருவத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு இப்ப ஏன் இந்தக் கதை? அவவும் போயிட்டா. ஆருக்கு என்ன லாபம்?"

"லாபம் இல்லை," என்றேன். "அவ இருக்கேக்கை சொல்லியிருந்தால் லாபம் இருந்திருக்கும்." அவர் திரும்பவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார்.

தம்பி, இதைத் தட்டச்சுச் செய்கிறவன் நீதானே, உனக்கும் ஒரு சொல். ஒரு வரி வெட்டினாலும் இந்த மடல் மலரில் வரக்கூடாது. வராவிட்டால் நானே படி எடுத்து, வாசலில் நின்று ஆளுக்கொன்றாகக் கொடுப்பேன். அம்மா கோவிப்பா என்றால், அன்ரிக்கு விசர் என்று சொல்லிவிடு.

முப்பத்தோராம் நாளுக்குச் செயலாளர் அண்ணையும் வருவாராம். இப்போது கைத்தடியோடுதான் நடக்கிறார், முன்வரிசையில் இருத்துவார்கள். கண்ணுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் நான் எழும்பி வாசித்துக் காட்டுவேன். ஆர் அது என்று அவர் கேட்ட கேள்வி அந்தக் கிடங்கின் நடுவில் அப்படியே நிற்கிறது, அன்றில் இருந்து ஒவ்வொரு வெள்ளியும் நான் அதைச் சுற்றி நடந்து போயிருக்கிறேன். இனி முடியாது. அது நான்தான் அண்ணை. படைத்த சோற்றைத் தின்றதும் நான்தான்.

உம்முடைய வாயில் இருந்து நான் கேட்ட பொய்கள் இரண்டு. இரண்டும் எனக்காக. தட்டை எடுக்கச் சொன்னது நீர் என்ற பொய்யை அன்றைக்கே சுமனா ஒரு பிடி சோற்றால் தேவையில்லாமல் ஆக்கினாள். மற்றதை இவ்வளவு காலமும் பத்திரமாக வைத்திருந்தேன், இப்போது எல்லாரும் பார்க்க உடைக்கிறேன்.

நீர் தனியப் போகவில்லை. நானும் வந்தேன்.